பட்டாலைப் பேச்சு: ஷேக்ஸ்பியர் கணக்கில் எத்தனை சொல்?

ஆங்கிலத்தில் நாம் அன்றாடம் புழங்கும் சொற்களில் பல நாடக மேடையிலிருந்தும் கவிதையிலிருந்தும் இறங்கி வந்தவை என்று போன இதழில் போகிற போக்கில் எழுதியிருந்தேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் முக்கால்வாசி அதைப் பற்றித்தான். சொத்துப் பங்கு, சம்பந்தி மனஸ்தாபம், வெள்ளைப் பணியாரம் ஏன் உப்பவில்லை என்று கேட்டவர்கள் எல்லாம் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

*

ஆச்சி, ஷேக்ஸ்பியர் தனி ஆளாக 1,700 புதுச் சொற்களை உண்டாக்கினார் என்று எங்கள் ஆங்கில ஆசிரியர் சொல்கிறார். பரீட்சையில் எழுதலாமா?
– பன்னிரண்டாம் வகுப்பு மாணவன், கண்டனூர்

எழுது தம்பி, மார்க் விழும். உண்மையா என்று கேட்டால் அது வேறு கதை.

இந்த மாதிரி எண்களுக்கெல்லாம் தாய்வீடு ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி. ஒரு சொல் எழுத்தில் முதன்முதலாக எங்கே தென்படுகிறதோ அந்த வரியை ஆண்டு போட்டுக் காட்டுவது அந்த அகராதியின் வழக்கம். முதல் பகுதி 1884-ல் வந்தது, முழுதும் முடிந்தது 1928-ல். கணினி இல்லாத காலம். படித்தவர்கள் பலர் சம்பளம் இல்லாமல் புத்தகங்களைப் புரட்டி, கண்ணில் பட்ட சொல்லையும் அது வந்த வரியையும் துண்டுச் சீட்டில் எழுதித் தபாலில் அனுப்பினார்கள். அவர்கள் எல்லார் வீட்டிலும் இருந்த புத்தகம் எது? பைபிள், அதை விட்டால் ஷேக்ஸ்பியர். அவர் காலத்தில் வந்த பிரசங்கப் புத்தகத்தையும் மருத்துவக் கையேட்டையும் அத்தனை ஊன்றிப் படிக்க யார் இருந்தார்கள்? ஆக, ஷேக்ஸ்பியரின் பெயரில் சொற்கள் சேர்ந்துகொண்டே போயின.

நம் வீட்டுப் பழைய பேரேட்டை எடுத்துப் பார். ஒருவர் பெயரில் வரவு எழுதியிருந்தால், அன்றைக்கு அந்தப் பணம் அவர் கையால் வந்தது என்பதற்குத்தான் அது சாட்சி. அவருக்கு முன்னால் யார் யார் மடியில் இருந்தது என்று பேரேடு சொல்லாது. பழைய அச்சுப் புத்தகங்களைக் கணினியில் தேடும் வசதி வந்த பிறகு, ஷேக்ஸ்பியர் வரவில் இருந்த சொற்கள் ஒவ்வொன்றாக அவருக்கு முந்தியவர்கள் பெயருக்கு மாறிக்கொண்டிருக்கின்றன. எண் இன்னும் இறங்கும்.

இதனால் அவர் பெருமை குறைந்ததா என்றால், என்னைக் கேட்டால் இல்லை. கொஞ்சம் யோசித்துப் பார். காசு கொடுத்து மேடைக்கு முன்னால் நின்றுகொண்டே நாடகம் பார்க்கிற கூட்டம். கையில் அகராதி கிடையாது. ஆங்கிலத்துக்கென்று முறையான அகராதியே 1604-ல்தான் வந்தது. அதுவும் சின்னப் புத்தகம். வரிக்கு வரி புரியாத சொல்லாகப் போட்டால் ஆரஞ்சுத் தோலை எடுத்து வீச மாட்டார்களா? அதனால் அவர் ஒரு வேலை செய்வார். ‘மக்பெத்’ நாடகத்தில், மக்பெத் தன் ராஜாவைக் கொன்றுவிட்டு, ரத்தக் கையைப் பார்த்துப் புலம்புகிற இடம். கடல் முழுக்க இருக்கிற தண்ணீரும் இந்தக் கையைக் கழுவாது, இந்தக் கைதான் கடலையே சிவப்பாக்கும் என்கிறான். அந்த வரியில் ‘மல்டிடியூடினஸ்’, ‘இன்கார்னடைன்’ என்று லத்தீன் வாடை அடிக்கிற இரண்டு பெருஞ்சொற்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். இரண்டாவது ஏற்கெனவே ஒரு நிறத்தின் பெயர்; அதை வினைச்சொல்லாக்கியது இவர் வேலை. அடுத்த வரியில் என்ன செய்கிறார்? பச்சைக் கடல் ஒரே சிவப்பு ஆகும் என்று பால்குடிப் பிள்ளைக்கும் தெரிந்த சொற்களில் அதையே திருப்பிச் சொல்கிறார். மூலமும் உரையும் ஒரே மூச்சில். பின்வரிசையில் நிற்பவனுக்குச் சங்கடமே இல்லை.

பெயர்ச்சொல்லை வினையாக ஓட்டுவதில் அவருக்குக் கை ஓங்கியிருந்தது. இரண்டாம் ரிச்சர்டு நாடகத்தில், நாடு கடத்தப்பட்டவன் படையோடு திரும்பி வந்து, எதிரே நிற்கிற சித்தப்பாவைப் பார்த்துக் குழைந்து ‘அங்கிள்’ என்கிறான். அவருக்கு எரிச்சல். ‘அங்கிள் மீ நோ அங்கிள்’ என்கிறார். என்னைச் சித்தப்பா கித்தப்பா போடாதே என்று நம் வீட்டில் சொல்வோமே, அதே தொனி. இதில் புதுச் சொல் ஒன்றுகூட இல்லை. ஆனால் பழைய சொல் புதிதாக உட்கார்ந்துவிட்டது. நான் மார்க் போடுவதென்றால் இதற்குத்தான் போடுவேன்.

*

இஷ்டத்துக்குச் சொற்களை உண்டாக்கினால் அந்த ஊர்ப் பண்டிதர்கள் சும்மாவா இருந்தார்கள்?
– அரிசி ஆலை உரிமையாளர், புதுவயல்

சும்மா இருப்பார்களா! சக நாடகக்காரர்களே அடித்துக்கொண்டார்கள். பென் ஜான்சன் என்று ஒருவர், ஷேக்ஸ்பியருக்கு நண்பர், வாய் நீளம். ஜான் மார்ஸ்டன் என்ற இன்னொரு நாடகாசிரியர் புதுசு புதுசாகச் சொற்களை அள்ளிக் கொட்டுவது அவருக்குப் பிடிக்கவில்லை. 1601-ல் ‘பொயட்டாஸ்டர்’ என்று ஒரு நாடகம் போட்டார். நம் பாஷையில் போலிக் கவி என்று வைத்துக்கொள்ளுங்கள். கதை நடப்பது பழைய ரோமில், ஆனால் பார்க்க வந்தவர்களுக்கு யார் யாரைக் குத்துகிறார் என்று தெரியும். ஜான்சன் தன்னை ஹொரேஸ் என்ற மகாகவியாக வைத்துக்கொண்டார். அடக்கம் என்பது அவருக்குப் பழக்கமில்லாத சமாசாரம்.

கடைசியில் மார்ஸ்டன் வேடத்துக்காரருக்கு மாத்திரை கொடுத்து வாந்தி எடுக்க வைக்கிறார்கள். என்ன வாந்தி? சொற்கள்! பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகக் குமட்டிக் குமட்டித் துப்புகிறார். ‘ஐயோ, இது என்ன இவ்வளவு பெரிசு’ என்கிற தோரணையில் சுற்றி நிற்பவர்கள் பேசிக்கொள்கிறார்கள். வயிறு காலியானதும், நாடகத்தில் வரும் இன்னொரு ரோமக் கவி வெர்ஜில் பத்தியம் சொல்கிறார்: பழைய நல்ல ஆசிரியர்களைத் தினம் காலையில் படி, இன்னின்னாரைத் தொடாதே என்று.

அந்த வாந்திப் பட்டியலைப் பாருங்கள். ‘கிளிபரி’, ‘லூப்ரிகல்’, ‘ஆப்ளட்ரன்ட்’, ‘டர்ஜிடஸ்’ இவையெல்லாம் செத்துப்போயின. நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். ஆனால் அதே பாத்திரத்தில் ‘கிளம்சி’ இருக்கிறது. ‘கான்ஷியஸ்’ இருக்கிறது. ‘ஸ்ட்ரெனுவஸ்’, ‘டிஃபங்ட்’ இருக்கின்றன. பள்ளிக்கூடத்துக் கணக்கில் பெருக்கல் தலைகீழி என்று படிக்கிறோமே, அந்த ‘ரெசிப்ரகல்’ இருக்கிறது. ‘ஸ்பூரியஸ்’ இருக்கிறது, போலி மருந்துக்கு நம் நாட்டுச் சட்டமே அந்தச் சொல்லைத்தான் வைத்திருக்கிறது. உங்கள் பேரன் கையிலிருந்து டம்ளர் நழுவினால் உங்கள் மருமகள் என்ன ஆங்கிலச் சொல் சொல்லித் திட்டுகிறார் என்று கவனியுங்கள்.

ஜான்சன் ஆங்கிலத்தை நன்றாக அறிந்தவர், கேலியிலும் கெட்டிக்காரர். எது நிற்கும், எது போகும் என்பதை அவராலேயே கணிக்க முடியவில்லை. அதனால்தான், புதுத் தமிழ்ச் சொல்லைக் கண்டதும் முகத்தைச் சுளித்து இதெல்லாம் நிற்காது என்று தீர்ப்பு எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு அந்தப் பாத்திரம் ஞாபகம் வருகிறது.

*

பேத்திக்கு ஜெசிகா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பைபிள் பெயர் என்கிறார் சம்பந்தி. அப்படியா?
– வாசகி, செக்காலை, காரைக்குடி

பாதி சரி. ஜெசிகா என்ற இந்த வடிவம் ஷேக்ஸ்பியரின் வெனிஸ் நகர வணிகன் நாடகத்தில்தான் முதலில் வருகிறது, ஷைலாக்கின் மகள். ஆதியாகமத்தில் வரும் இஸ்காள் என்ற பெயரிலிருந்து அவர் எடுத்திருக்கலாம் என்பது அறிஞர்கள் கருத்து. அடுத்த பேத்திக்கும் ஆங்கிலப் பெயர் தேடினால் மிராண்டாவும் அவர் தந்ததே. வனெஸா என்பது ஜொனாதன் ஸ்விஃப்ட் ஒரு கவிதைக்காக, தனக்குத் தெரிந்த ஒரு பெண்ணின் பெயரையும் குடும்பப் பெயரையும் வெட்டி ஒட்டிச் செய்தது. மீனாட்சி என்றும் வைக்கலாம். அபிப்பிராயம் கேட்கவில்லை என்றாலும் சொல்லிவிட்டேன்.

*

ஜெசிகாவின் தகப்பன் ஷைலாக் பற்றி ஒரு கேள்வி. எங்கள் ஐயா பர்மாவில் கொண்டு விற்றவர், அதாவது வட்டித் தொழில் செய்தவர். வட்டிக்குக் கொடுப்பவர் எவரானாலும் ஆங்கிலத்தில் ஷைலாக் என்று எழுதிவிடுகிறார்கள். படிக்கும்போது மனசு கஷ்டப்படுகிறது.
– வாசகர், தேவகோட்டை

(மேலே உள்ள பதிலைப் படிப்பதற்கு முன்பே அதன் தொடர்ச்சிபோல எழுதியிருக்கிறீர்கள், உங்கள் முதல் வரியை நான்தான் கொஞ்சம் ஒட்டுப்போட்டேன்.)

கஷ்டப்பட வேண்டிய சொல்தான். ஒரு பாத்திரத்தின் பெயர், காலப்போக்கில் ஈவிரக்கமில்லாமல் கடன் கொடுக்கிறவனுக்கெல்லாம் பொதுப்பெயராகிவிட்டது. வினைச்சொல்லாகக்கூட ஓட்டியிருக்கிறார்கள். நாடகாசிரியர் மொழிக்குத் தருவது எல்லாம் நல்லதாக இருக்கும் என்று யார் சொன்னது?

நான் வேலை பார்த்த பள்ளியில் இந்த நாடகம் பாடமாக வரும். பாதிப் பிள்ளைகள் வீட்டில் இரும்புப் பெட்டியும் பழைய புரோநோட்டும் இருக்கும். நீதிமன்றக் காட்சி நடத்தினால் வகுப்பு இரண்டாகப் பிரியும். ‘கையெழுத்துப் போட்டது போட்டதுதானே டீச்சர்’ என்று ஒரு பெண் எழுந்து நிற்பாள். ஷைலாக் கட்சிக்கு இந்த ஊரில் எப்போதும் ஆள் உண்டு.

நான் அவர்களிடம் பத்திரத்தைப் பார்க்கச் சொல்வேன். 3,000 டுகாட், 3 மாதத் தவணை. வட்டி? ஒரு காசு இல்லை! நட்புக்காக வட்டியில்லாமல் தருகிறேன் என்று சொல்லித்தான் ஷைலாக் அந்த ஒரு பவுண்டு சதை ஷரத்தை விளையாட்டுப்போல எழுதி வாங்குகிறான். வட்டிக்காரனுக்கு அடைமொழியாகிவிட்ட மனிதன், மேடையில் நாம் பார்க்கிற அந்த ஒரு கடனை வட்டியில்லாமல் கொடுத்திருக்கிறான். இன்னொன்று, தலைப்பில் வருகிற வணிகன் ஷைலாக் அல்ல, கடன் வாங்கிய அந்தோனியோ. நாடகத்தைப் படிக்காமல் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு போனவர்கள்தான் இந்தச் சொல்லைப் பரப்பியவர்கள்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. யூதர்களை இங்கிலாந்தை விட்டு 1290-லேயே துரத்திவிட்டார்கள். மறுபடி வெளிப்படையாகக் குடியிருக்க வழி பிறந்தது 1656-ல். இந்த நாடகம் வந்தது 1590-களின் கடைசியில். ஆக, பார்க்க வந்த லண்டன்வாசிகளில் அநேகம் பேர் தெரிந்து ஒரு யூதரோடு பேசியிருக்கவே வாய்ப்பில்லை. கேள்விப்பட்டதை வைத்துக் கட்டிய உருவம் அது. யூதர்களுக்கு இன்றைக்கும் அந்தச் சொல் வசவு. 2014-ல் அமெரிக்கத் துணை அதிபராக இருந்த ஜோ பைடன், கடன் கொடுத்து ஏமாற்றுகிறவர்களை ஒரு பேச்சில் ஷைலாக்குகள் என்று சொல்லிவிட்டு, கண்டனம் வந்ததும் அது தவறான சொல் தேர்வு என்று ஒப்புக்கொண்டார்.

ஐயா பர்மாவில் எப்படித் தொழில் செய்தார் என்பதை அவருடைய கணக்குப் புத்தகம் சொல்லட்டும். நல்லதும் இருக்கும், கெட்டதும் இருக்கும். வெனிஸிலிருந்து அடைமொழி கடன் வாங்க வேண்டியதில்லை.

*

சட்டசபையில் அமளி என்றால் ஆங்கிலப் பத்திரிகைக்காரர்கள் ‘பாண்டமோனியம்’ என்று போடுகிறார்களே, அதுவும் கவிஞர் சொல்லா?
– ஓய்வுபெற்ற வட்டாட்சியர், திருப்பத்தூர்

மில்டன் என்ற ஆங்கிலக் கவிஞரின் சொல். 1667-ல் வந்த ‘பாரடைஸ் லாஸ்ட்’ காவியத்தில் நரகத்தின் தலைநகரத்துக்கு அவர் வைத்த பெயர். எல்லாப் பேய்களும் கூடும் இடம் என்று கிரேக்க வேரிலிருந்து கட்டியது. வேடிக்கை என்னவென்றால், மில்டனின் பாண்டமோனியத்தில் அமளி கிடையாது. சாத்தான் தலைமை. மோலக் என்ற பேய் எழுந்து பேசுகிறான், பிறகு பெலியால், பிறகு மாம்மன், கடைசியில் பீல்சிபப், எல்லாம் பேய்கள்தான். ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர் குறுக்கிடுவதில்லை, வாக்கெடுப்பும் நடக்கிறது. ‘அவையில் பாண்டமோனியம்’ என்று செய்தி வந்தால், மில்டன் கணக்குப்படி அன்றைக்கு நடவடிக்கைகள் ஒழுங்காக நடந்தன என்று பொருள்.

*

ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிறேன். ‘கேஸ்லைட்டிங்’ என்று தோழிகள் அடிக்கடி சொல்கிறார்கள். இது நாடகத்திலிருந்து வந்தது என்று எழுதியிருந்தீர்கள். இன்ஸ்டாகிராம் சொல் என்றல்லவா நினைத்திருந்தேன்?
– வாசகி, சென்னை (சொந்த ஊர் கானாடுகாத்தான்)

உன் இன்ஸ்டாகிராமுக்கு அது கொள்ளுப்பாட்டி, ஆத்தா. 1938-ல் பாட்ரிக் ஹாமில்டன் என்ற ஆங்கிலேயர் எழுதிய ‘கேஸ் லைட்’ நாடகம். கதை நடப்பது 1880-ல், லண்டனில் ஒரு வீட்டில். மின்சாரம் இல்லை, குழாயில் வரும் கேஸ் விளக்கு. கணவன் தினமும் சாயங்காலம் வெளியே போவதாகச் சொல்லிவிட்டுப் போகிறான். கொஞ்ச நேரத்தில் அறையில் விளக்கு தானாக மங்குகிறது. மேல் மாடியில், யாரும் புழங்காத இடத்தில், காலடி ஓசை கேட்கிறது. அவள் சொன்னால், எல்லாம் உன் கற்பனை என்கிறான். வீட்டில் இருந்த படத்தைக் காணோம், நீதான் எடுத்து ஒளித்தாய் என்கிறான். உன் அம்மாவைப் போலவே உனக்கும் புத்தி பேதலிக்கிறது என்கிறான். அவளும் மெல்ல மெல்ல அதை நம்பத் தொடங்குகிறாள்.

உண்மை என்ன? அந்த வீட்டில் முன்பு இருந்த கிழவியை மாணிக்கக் கற்களுக்காகக் கொன்றவனே அவன்தான். கல் கிடைக்காததால் தினமும் ரகசியமாக மாடிக்கு வந்து தேடுகிறான். அங்கே அவன் விளக்கேற்றினால் கேஸ் பகிர்ந்து போய்க் கீழே வெளிச்சம் குறைகிறது. ஆக, விளக்கு மங்கியது நிஜம். அவள் கண் பொய் சொல்லவில்லை.

1944-ல் ஹாலிவுட் படமாக வந்து உலகம் முழுக்கத் தெரிந்தது. ஆனாலும் ஒருவரை அவருடைய கண்ணையே நம்பவிடாமல் செய்வதற்கு அந்தத் தலைப்பே வினைச்சொல்லாக மாறி எல்லார் வாயிலும் புழங்க எத்தனையோ பத்தாண்டுகள் ஆயின. மெரியம் வெப்ஸ்டர் அகராதி 2022-ன் சொல்லாக அதை அறிவித்தபோது ஹாமில்டன் இறந்து 60 வருடம். ஆசிரியர் சொல்லைச் செய்யவே இல்லை. ஒரு காட்சியைச் செய்தார். அந்தக் கொடுமையை வீட்டுக்குள் அனுபவித்தவர்களுக்கு அதைச் சொல்ல ஒரு பெயர் வேண்டியிருந்தது. அவர்கள்தான் அவருடைய தலைப்பை எடுத்துக்கொண்டார்கள்.

‘ரோபோ’வும் நாடகச் சொல்தான். செக் மொழிக்காரர் காரெல் சாப்பெக் 1920-ல் எழுதிய நாடகத்தில் வந்தது. ஆனால் சொல் அவருடையது இல்லை, ஓவியரான அண்ணன் யோசெப் சொன்னது. ஆலையில் செய்த செயற்கைத் தொழிலாளிகளுக்கு என்ன பெயர் வைப்பது என்று தம்பி வந்து நின்றபோது, அண்ணன் வாயில் தூரிகையைக் கவ்விக்கொண்டே முணுமுணுத்த சொல் அது என்று தம்பியே பிற்பாடு எழுதியிருக்கிறார். பண்ணையாருக்குக் கூலியில்லாமல் செய்யும் கட்டாய உழைப்பு ‘ரொபோட்டா’. அந்த நாடகத்து ரோபோக்கள் இரும்பு இல்லை, பார்க்க மனிதர்போலச் சதையோடு இருப்பவை.

உன் மேலதிகாரி அப்படிச் செய்கிறார் என்று கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் எழுதியிருக்கிறாயே, அதற்குத் தனியாகப் பதில் போடுகிறேன். அதுவரை எல்லாவற்றையும் மின்னஞ்சலில் எழுத்தாக வாங்கி வை.

*

இத்தனை இங்கிலீஷ் பெருமை எதற்கு? நம் கவிஞர்கள் செய்யாததா?
– தமிழாசிரியர், மேலைச்சிவபுரி

செய்தார்கள், அதற்கு இலக்கணமும் வகுத்தார்கள் ஐயா. ‘கடிசொல் இல்லைக் காலத்துப் படினே’ என்று தொல்காப்பியர் முடித்துவிட்டார். காலம் ஏற்றுக்கொண்டால் விலக்கவேண்டிய சொல் என்று ஒன்று இல்லை. பென் ஜான்சனுக்கு இந்த நூற்பாவை யாராவது வாசித்துக் காட்டியிருந்தால் மாத்திரைச் செலவு மிச்சம். வடசொல்லை வடவெழுத்து நீக்கி எடுத்துக்கொள் என்பதும் அவர் சொன்னதே. அந்த வழியில்தான் கம்பன் கையில் லட்சுமணன் இலக்குவன் ஆனான், விபீஷணன் வீடணன் ஆனான். மற்றதை நீங்கள் என்னைவிட நன்றாக எழுதுவீர்கள். எழுதி அனுப்புங்கள், அப்படியே போடச் சொல்கிறேன்.

*

நான் கவிதை எழுதுகிறவன். புதுச் சொற்கள் படைத்து மொழிக்குக் கொடை தர வேண்டும் என்பது என் இலட்சியம். கையெழுத்துப் பிரதியை இணைத்திருக்கிறேன். பின்னட்டைக்கு நான்கு வரி பாராட்டும் எழுதித் தர வேண்டும்.
– கவிஞர், நாட்டரசன்கோட்டை

கம்பன் அடங்கிய ஊரிலிருந்து கேட்கிறீர்கள், மறுக்க முடியுமா?

முதலில் பயம் காட்டிவிடுகிறேன். புதுச் சொல் போடும்போது பெரிய கவிஞர்களுக்கே கூச்சம் இருந்திருக்கிறது. இன்று சாதாரணமாகப் புழங்கும் ‘இன்டென்சிஃபை’ என்ற சொல்லை 1817-ல் எழுதிய கோல்ரிட்ஜ், இது என் காதுக்கே கரடுமுரடாக இருக்கிறது என்று சமாதானம் சொல்லியிருக்கிறார். லூயி கரோல் கூச்சப்படாத ஆள். 1871-ல் ஒரு விளையாட்டுப் பாட்டு முழுக்க அர்த்தமில்லாத சொற்களாக இறைத்தார். அத்தனையிலும் ஊன்றி நின்றது ‘சார்ட்டில்’. அடக்க முடியாமல் கனைத்துச் சிரிப்பது. சத்தத்தைக் கேட்டாலே அர்த்தம் தெரிகிறதல்லவா, அதனால் நின்றது.

உங்கள் பிரதியில் பக்கத்துக்கு நாலு புதுச் சொல், ஒவ்வொன்றுக்கும் எண் போட்டுக் கீழே விளக்கம். ‘நெஞ்சகவெளிமூட்டம்’ என்பதற்கு மூன்று வரி உரை. அந்தக் கவிதையிலேயே, ‘பேச ஆளில்லாத மத்தியானம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு உரை வேண்டியிருக்கவில்லை. எனக்கு மூட்டம் அந்த வரியில்தான் தெரிந்தது. ஆனால் ‘மழைவாக்கு’ என்று ஒன்று வைத்திருக்கிறீர்களே, பெய்கிறேன் பெய்கிறேன் என்று கறுத்துவிட்டுப் பெய்யாமல் போகும் வானத்துக்கு. அது அருமை. நம் சீமையில் வருஷத்துக்குப் பாதி நாள் அந்தச் சொல்லுக்கு வேலை இருக்கிறது. அதற்கு மட்டும் எண்ணை அழித்துவிடுங்கள்.

பின்னட்டைப் பாராட்டுக்கு ஆங்கிலத்தில் ‘பிளர்ப்’ என்று பெயர். அதையும் ஒரு வேடிக்கைக் கவிஞர்தான் உண்டாக்கினார். அமெரிக்காவின் ஜிலெட் பர்ஜஸ், 1907-ல். தன் புத்தகத்தின் அட்டையில் பிலிண்டா பிளர்ப் என்று ஒரு பெண்ணின் படத்தைப் போட்டு, அவள் வாயால் புத்தகத்தைத் தாறுமாறாகப் புகழவைத்துப் பதிப்பாளர்களைக் கேலி செய்தார். பின்னால் 1914-ல் தன் புதுச் சொற்களையே ஒரு சின்ன அகராதியாகத் தொகுத்தும் வெளியிட்டார். அதில் உலகம் எடுத்துக்கொண்டது பிளர்ப் ஒன்றைத்தான்.

நான்கு வரி எழுதித் தருகிறேன். அடிக்குறிப்புகளை எல்லாம் எடுத்துவிட்டுப் பிரதியை மறுபடி அனுப்புங்கள். தபால்தலை நான் ஒட்டிக்கொள்கிறேன்.